கண்டமும் மங்கலமும்

எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் ஜோசியர்களுக்கு முகம் மலர்ந்துவிடும். கண்டமங்கலம்! பெயரிலேயே கண்டமும் இருக்கிறது, மங்கலமும் இருக்கிறது. 'வாகனத்திலே கண்டம், ஜாக்கிரதை' என்று சொல்லிப் பரிகாரமும் எழுதிக் கொடுக்கத் தோதான ஊர்.

ஊரின் பூகோளம் இன்னும் விசேஷம். விழுப்புரத்தில் புதுச்சேரி பஸ் ஏறினால், வளவனூர் வரைக்கும் தமிழ்நாடு. அப்புறம் மதகடிப்பட்டு, திருபுவனை என்று புதுச்சேரி மாநிலம். 'சரி, பாண்டி வந்தாச்சு' என்று நீங்கள் சட்டைக் காலரைச் சரி செய்வதற்குள் கண்டமங்கலம், மறுபடியும் தமிழ்நாடு! தாண்டினால் அரியூர், வில்லியனூர், மறுபடி புதுச்சேரி. நாற்பது கிலோமீட்டருக்குள் மூன்று தடவை மாநிலம் மாறுகிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும், சொல்லுங்கள்? பாஸ்போர்ட் கேட்க மாட்டார்கள். திரும்பி வரும்போது பைக்குள் பாட்டில் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள்.

இது போதாதென்று வேலூர் பக்கத்தில் கண்ணமங்கலம் என்று ஓர் ஊர். 2013-ல் ஒரு நாள் வேலூரில் விழுப்புரம் பஸ் ஏறி, "கண்டமங்கலம் போகணும்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப் போனேன். கண்டக்டர் காதில் விழுந்தது கண்ணமங்கலம். பாவம், நல்ல மனுஷர், மறக்காமல் எழுப்பி இறக்கியும் விட்டார். பஸ் போன பிறகுதான் கடை போர்டைப் படித்தேன். தப்பு அவருடையதில்லை. மூன்று நாள் தூங்காதவன் வாயிலிருந்து 'ட'வும் 'ண'வும் ஒழுங்காகவா வரும்?

அந்தத் தூங்காத நாட்களைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். வழக்கம்போல ஊர்ப் பெருமை பேசிக்கொண்டிருக்கிறேன்.

நான் பி.காம். சி.ஏ. பரீட்சையை மூன்று தடவை எழுதி, மூன்று தடவையும் பரீட்சைக் கட்டணத்தை மட்டும் ஒழுங்காகக் கட்டியவன். கணக்கு எனக்கு ரத்தத்தில் ஊறியது. புதுச்சேரி எல்லைக்குள் பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு என்பது எங்கள் ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். 2012-ல் ஒரு சாயங்காலம், "வாண்ணே, அரியூர்ப் பக்கம் போய்ப் போட்டுக்கிட்டு வந்துடலாம். அஞ்சு லிட்டருக்கு ஒரு டிபன் செலவு மிச்சம்" என்று அண்ணனைக் கூப்பிட்டேன். அண்ணன் தையல்காரர். கடையில் தீபாவளித் துணி குவிந்து கிடந்தது. "நீ போய்ட்டு வாடா" என்றார். நான்தான் வம்பாக இழுத்துக்கொண்டு போனேன். நான் ஓட்ட, அவர் பின்னால்.

ரோட்டோரம் கரும்பு டிராக்டர் நின்றுகொண்டிருந்தது. பின்னால் விளக்கு இல்லை. மோதிவிட்டேன். அன்றைக்கு நான் எல்லோரிடமும் சொன்னது இதுதான்.

எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. அண்ணனுக்கு முதுகெலும்பு.

ஆஸ்பத்திரி, ஆபரேஷன், கடன் எல்லாவற்றையும் வேகமாகத் தாண்டிவிடுகிறேன். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, திரும்ப வருவதற்கு வாய்ப்பு குறைவு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். இருபத்தாறு வயசு ஆள், கட்டிலில். டிராக்டர்காரர் ஏழை சம்சாரி. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசியதில், வீட்டிலிருந்த ஜோடி மாட்டை விற்றுப் பணத்தைக் கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நான் அறைக்குள் இருந்தேன். வெளியே வரவில்லை.

வைத்தியம் கைவிட்டால் நம் ஜனங்கள் எங்கே போவார்கள்? அம்மா முதலில் முருகனிடம் போனார். அப்புறம் வில்லியனூர் மாதா கோயில். எங்கள் பக்கத்தில் அந்த மாதாவுக்கு ஜாதி, மதம் கிடையாது. பிரான்ஸ் நாட்டு லூர்துவில் 1858-ல் மாதா காட்சி கொடுத்தார் என்கிறார்கள். பத்தொன்பது வருஷத்தில், 1877-லேயே, வில்லியனூரில் அந்த மாதாவுக்குக் கோயில் எழும்பிவிட்டது. எதிரே ஒரு குளம், சுற்றிலும் படிக்கட்டு. பொட்டு வைத்த பெண்கள், தொப்பி போட்ட பாய்மார்கள் எல்லோரும் அந்தப் படியில் இறங்கித் தண்ணீர் தொட்டு வைத்துக்கொள்வதைச் சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறேன். அம்மா பாட்டிலில் கொண்டுவந்து அண்ணன் காலில் தடவினார். அண்ணன் சிரித்தார். "அம்மா, தண்ணி சில்லுன்னு இருக்கான்னு கேக்காத. எனக்குத் தெரியாது."

அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று வேன் வைத்து ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஊர் பேரும் வேண்டாம், ஆள் பேரும் வேண்டாம். மேடையிலிருந்தவர் அண்ணன் தலையில் கை வைத்து, "எழுந்து நட!" என்றார். அண்ணன் எழுந்திருக்கவில்லை. மறுபடி சொன்னார். ஆயிரம் ஜனம் பார்க்கிறது. கடைசியில் மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "விசுவாசம் பத்தல" என்றார்.

திரும்பி வரும்போது வேனில் யாரும் பேசவில்லை. அண்ணன் மட்டும், "காலு போனது பெரிசில்லடா. இப்ப குத்தவாளியும் நான்தான்னு ஆயிடுச்சு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. குற்றவாளி யாரென்று எனக்குத் தெரியுமே!

அதற்குள் அண்ணனின் முதுகுக்குக் கீழே ஒரு புண். வலிக்கவில்லை என்பதால் யாரும் பார்க்கவில்லை. நாற்றம் வந்த பிறகுதான் துணியை விலக்கினோம். உள்ளங்கை அகலம்.

தெருவில் ஒரு ரிட்டயர்டு டீச்சர் இருந்தார். கிறிஸ்தவர். கூட்டத்துக்குப் போன கதையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்பா, ஜெபம் பண்றதுக்கு வேன் எதுக்கு? மொதல்ல அந்தப் புண்ணுக்கு வழி பாருங்க. வேலூருக்குக் கொண்டு போங்க. பாகாயத்துல இதுக்குன்னே ஒரு எடம் இருக்கு" என்று கையில் இரண்டாயிரம் ரூபாயும் திணித்தார். போனோம்.

வேலூர் சி.எம்.சி.யைப் பற்றித் தமிழ்நாட்டில் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பாகாயத்தில் இருக்கிற மறுவாழ்வு நிலையம் வேறு மாதிரி. அங்கே போனதும் நான் கேட்ட முதல் கேள்வி, "எப்போ நடப்பார்?" பதில் சொன்ன பிசியோதெரபிஸ்ட் பெரியவர் கையில் ஒரு முகம் பார்க்கிற கண்ணாடி இருந்தது. "அதை அப்புறம் பேசலாம் தம்பி. மொதல்ல இதைப் பிடிங்க. தினமும் ராத்திரி அண்ணன் முதுகு, பிட்டம், குதிகால் எல்லாம் இதுல பாருங்க. செவப்பா ஒரு புள்ளி தெரிஞ்சாலும் சொல்லணும். அவரே பார்த்துக்கவும் கத்துக்கணும். வலி அவருக்குச் சொல்லாது. கண்ணுதான் சொல்லணும்."

எனக்கு ஏமாற்றம். அற்புதம் கேட்டு வந்தவனுக்குக் கண்ணாடி!

அங்கே கூட இருப்பவருக்கும் வேலை உண்டு. இரண்டு மணிக்கு ஒரு தடவை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ராத்திரி பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு என்று அலாரம் வைத்துக்கொண்டு எழுந்திருப்பேன். பகலில் அண்ணனுக்குப் பயிற்சி. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி கால் மணிக்கு ஒரு தரம் இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கு மாறப் பழக வேண்டும். புண் ஆறுவதற்கே வாரக்கணக்கில் ஆனது.

அந்தப் பெரியவர்தான் ஒரு நாள், "எந்த ஊர்?" என்று கேட்டார். கண்டமங்கலம் என்றேன். "கண்ணமங்கலமா? பக்கத்துலதானே?" என்றார் (பார்த்தீர்களா!). இல்லை, விழுப்புரம் பக்கம் என்றதும், "அடடே, அப்போ இந்த ஆஸ்பத்திரிக்கு வெதை போட்டதே உங்க பக்கந்தானே! திண்டிவனம் கேஸ் தெரியாதா?" என்றார். எனக்குத் தெரிந்த திண்டிவனம், சென்னை பஸ்ஸில் தூக்கம் கலைகிற இடம். அவ்வளவுதான்.

அவர் சொன்ன கதை இது. 1890-களை ஒட்டிய காலம். திண்டிவனத்தில் ஜான் ஸ்கடர் என்று ஒரு அமெரிக்க மிஷனரி டாக்டர். அவர் மகள் ஐடா, 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த பெண், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வருகிறார். சீக்கிரம் திரும்பிப் போய் நிம்மதியாக வாழ வேண்டும் என்பதுதான் திட்டம். ஒரு ராத்திரி கதவு தட்டப்படுகிறது. ஒரு பிராமணர். மனைவிக்குப் பிரசவ வேதனை, நீ வர வேண்டும் என்கிறார். நான் டாக்டர் இல்லை, அப்பா வருவார் என்கிறார் ஐடா. ஆண் டாக்டர் வேண்டாம் என்று அவர் போய்விடுகிறார். கொஞ்ச நேரத்தில் ஒரு முஸ்லிம். அதே வேண்டுதல், அதே பதில். மூன்றாவதாக இன்னொரு இந்து. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோகிறார்கள்.

அந்தப் பெண்ணின் திட்டமெல்லாம் அன்றோடு போயிற்று. அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்து, 1899-ல் பட்டம் வாங்கி, 1900-ல் வேலூரில் ஒரு சின்ன அறையில் வைத்தியம் ஆரம்பித்தார். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. 1960-ல் இறக்கும்வரை இந்த மண்தான். பெரியவர் சொல்லி முடித்ததும் எனக்கு ஒன்றுதான் தோன்றியது. அன்று ராத்திரி நடந்ததில் அந்தப் பெண்ணின் தப்பு ஒன்றுமே இல்லை. படிக்காத வைத்தியத்துக்கு யார் பழி சொல்ல முடியும்? 'நான் என்ன செய்ய?' என்று கையைக் கழுவிக்கொண்டு கப்பல் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. நானோ, என் கையாலேயே செய்ததை டிராக்டர் விளக்கின் மேல் போட்டுவிட்டு அலாரம் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இதைவிடப் பெரிய அடி அடுத்த வாரம் விழுந்தது. இந்த நிலையத்தை ஆரம்பித்தது யார் என்று கேட்டேன். ஏதாவது வெள்ளைக்காரர் பெயர் வரும் என்று எதிர்பார்த்தேன். மேரி வர்கீஸ் என்றார் பெரியவர். படம் காட்டினார். புடவை கட்டிய ஒரு அம்மா. கன்னத்தில் தழும்பு. உட்கார்ந்திருந்தது சக்கர நாற்காலியில்.

கொச்சிப் பக்கத்துச் சிரியன் கிறிஸ்தவக் குடும்பம். 1925-ல் பிறந்து, வேலூரில் டாக்டருக்குப் படித்தவர். பிரசவ மருத்துவத்தில் பெரிய ஆளாக வர வேண்டுமென்று ஆசை. 1954 ஜனவரியில் கூட வேலை பார்த்த டாக்டர்களோடு வேனில் உல்லாசப் பயணம் போனபோது வண்டி கவிழ்ந்தது. முகம் கிழிந்தது, முதுகெலும்பு போயிற்று, இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அண்ணன் கேஸேதான்.

அந்த அம்மா ஜெபிக்காமலா இருந்திருப்பார்? விசுவாசம் பத்தாமலா இருந்திருக்கும்? ஜெபித்தார். கால் வரவில்லை. கடைசிவரை வரவில்லை. இந்த வரியைக் கேட்டதும் அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். வேனில் திரும்பி வந்த அந்த ராத்திரிக்குப் பிறகு அவர் முகத்தில் நான் பார்த்த முதல் வெளிச்சம் அது.

அப்போது வேலூரில் பால் பிராண்ட் என்று ஒரு டாக்டர். இவர் நம்ம கொல்லிமலைக்காரர்! 1914-ல் மிஷனரித் தம்பதிக்கு அந்த மலையில் பிறந்தவர். அப்பா 1929-ல் காய்ச்சலில் போய்விட்டார். அம்மா ஈவ்லின் தொண்ணூறைத் தாண்டிய வயதுவரை மலைக் கிராமங்களிலேயே ஊழியம் செய்தவர். மகன் 1946-ல் வேலூர் வந்து தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளை ஆபரேஷனில் விரிய வைத்தார். அதைவிடப் பெரிய காரியம், அவர் கண்டு சொன்ன ஓர் உண்மை. தொழுநோயில் விரல் தானாக அழுகி விழுவதில்லை. நரம்பு செத்து வலி தெரியாமல் போய்விடுகிறது. சுடுகிற பாத்திரத்தைப் பிடித்தாலும் தெரியாது, ஆணி குத்தினாலும் தெரியாது. காயத்தின்மேல் காயம் பட்டு விரல் தேய்ந்துபோகிறது. சிலருக்கு ராத்திரியில் தூங்கப் போகும்போது இருந்த விரல் காலையில் குறைந்திருக்கும். காவல் இருந்து பார்த்ததில், எலி! கடிப்பது தெரியாமல் தூங்கியிருக்கிறார்கள். அப்புறம் நோயாளிக்கு ஒரு பூனை என்று கொடுத்து அனுப்பினார்களாம். பெரிய சர்ஜன், கடைசியில் எழுதிக் கொடுத்த மருந்து பூனை.

வலி என்பது காவல்காரன், அவனை விரட்டாதே என்பதுதான் அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னது. 2003-ல் இறந்தார்.

அந்த பிராண்ட்தான் மேரி வர்கீஸிடம், 'கால் இல்லாவிட்டால் என்ன, கை இருக்கிறதே? கை ஆபரேஷனை உட்கார்ந்துகொண்டேதானே செய்கிறோம்' என்ற வழியைக் காட்டினார். பிரசவ மருத்துவம் போயிற்று. சக்கர நாற்காலியில் தியேட்டருக்குள் போய், உணர்ச்சியற்ற தொழுநோயாளிகளின் கைகளை, உணர்ச்சியற்ற கால்களோடு ஒரு டாக்டர் சரிசெய்தார். அப்புறம் ஆஸ்திரேலியாவில் பெர்த் போய்த் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளக் கற்றார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். திரும்பி வந்து 1966-ல் இந்த நிலையத்தை எழுப்பினார். 1972-ல் பத்மஸ்ரீ. 1986-ல் காலமானார். டோரதி கிளார்க் வில்சன் என்ற அம்மா அவர் கதையை 'டேக் மை ஹேண்ட்ஸ்' என்று 1963-லேயே புத்தகமாக எழுதிவிட்டார். பெரியவர் இரவல் கொடுத்தார். என் பி.காம். இங்கிலீஷை வைத்துக்கொண்டு, டிக்ஷனரியும் கையுமாக, அலாரத்துக்கும் அலாரத்துக்கும் நடுவே படித்தேன்.

கணக்குப் படித்தவனுக்கு ஒரு புத்தி. எதையும் ஐந்தொகையாகப் பார்ப்பான். அண்ணனை நான் மனசுக்குள் எப்போதோ வாராக்கடனில் எழுதிவிட்டிருந்தேன். இந்த அம்மாவோ, போனதை எழுதிக் கழித்துவிட்டு, 'கையிருப்பு என்ன?' என்று அடுத்த பக்கத்தைத் திருப்பியிருக்கிறார். எங்கிருந்து வந்தது அந்தத் தைரியம் என்று புத்தகத்தில் தேடினேன். மேடையும் இல்லை, மைக்கும் இல்லை. தன் கைகளை எடுத்துக்கொள் என்று கடவுளிடம் கொடுத்துவிட்டார், புத்தகத்தின் பெயரே அதுதான். காலுக்காக மன்றாடிய வாய், கையை நீட்டிக் கொடுக்கிறது. அப்படி ஒரு ஜெபம் உண்டு என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

கண்ணாடி வேலை மட்டும் தினமும் தொடர்ந்தது. ஒரு ராத்திரி அண்ணனின் குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கண்ணாடியில் என் முகமும் சேர்ந்து தெரிந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாக எனக்கு எதுவும் வலிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அழவில்லை. அண்ணனைத் தூக்கினேன், துடைத்தேன், புரட்டினேன், 'தம்பின்னா இப்படி இருக்கணும்' என்று வார்டே மெச்சியது. உள்ளே மட்டும் துணி விலக்காத புண்.

இரண்டு மணி அலாரத்துக்கு எழுந்து அவரைப் புரட்டினேன். விழித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே."

"இன்னாடா?"

"டிராக்டர்ல வெளக்கு எரிஞ்சிதுண்ணே. செவப்பு வெளக்கு. நான் பார்க்கல. போன் வந்துது. பாக்கெட்லேர்ந்து எடுத்து யாருன்னு பார்த்தேன்."

கொஞ்ச நேரம் பதிலே இல்லை.

"தெரியும்டா" என்றார். "போன் வெளிச்சம் உன் மூஞ்சில அடிச்சிது. பின்னாடிதானே உக்காந்திருந்தேன்."

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "ஏண்ணே சொல்லல?"

"சொல்லி? அம்மா உன்கூடப் பேசாது. நீ எங்கனா ஓடிப் போயிருப்ப. மொதல்ல கோவம் இருந்திச்சு. உன் கைய வெட்டணும் போல இருந்திச்சு. ராத்திரி ராத்திரி நீ எழுந்து பொரட்டச் சொல்லோ, தூங்கற மாதிரி நடிச்சுக்கிட்டு உன்னைத் திட்டுவேன். அப்பறம் இங்க காலைல ஜெபம் பண்றாங்கல்ல, அந்த நேரத்துல கண்ண மூடிக்கினு, இவன் மேல இருக்கிற கோவத்த எடுத்துக்கோ சாமின்னு கேட்டேன். ஒரே நாள்ல போவல. கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு. நீயாச் சொல்லுவேன்னு காத்துக்கிட்டிருந்தேன்."

அந்தக் கட்டில் ஓரத்தில் தலையை வைத்துக்கொண்டு நான் அழுத அழுகையில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து, "தவறிட்டாரா?" என்று பதறினார். (சிரிக்காதீர்கள். நிஜமாகவே கேட்டார்.) அண்ணன், "இல்லீங்க, இவன்தான் இப்பப் பொழைச்சான்" என்றார்.

அப்புறம் என்னைப் பார்த்து, "சரி, எங்கிட்ட சொல்லிட்ட. மாட்ட வித்தவர்கிட்ட யாரு போறது?" என்றார்.

கண்ணமங்கலத்தில் இறங்கி நின்றேனே, அந்தப் பயணம் இதற்காகத்தான். ஒரு வழியாக வேறு பஸ் பிடித்து, ராத்திரி ஊர் வந்து சேர்ந்து, காலையில் டிராக்டர்காரர் வீட்டு வாசலில் நின்றேன். தொழுவம் காலியாக இருந்தது. பாதி சொல்லும்போதே அவர் முகம் மாறிவிட்டது. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. "மாடு போனா போவட்டும்யா. வெளக்கு இல்லாம வண்டிய நிறுத்தி ஒரு புள்ள இடுப்ப ஒடைச்சவன்னு ஊர் பூரா பேரு. என் பொண்ணுக்கு வந்த சம்பந்தம் அந்தப் பேச்சுல நின்னுப் போச்சு. அதத் திருப்பித் தருவியா?" என்றார்.

பணத்தைத் தவணையில் தரலாம். பேரை எந்தத் தவணையில் தருவது? சி.ஏ. பரீட்சையில்கூட இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, டீக்கடையில் கூட்டம் நிறைந்திருக்கிற நேரமாகப் பார்த்துப் போனேன். அவரையும் வரச் சொல்லியிருந்தேன். வாய் உலர்ந்து போயிற்று. 'இயேசுவே' என்று மனசுக்குள் வந்தது. யாரும் சொல்லிக் கொடுத்து வரவில்லை, தானாக வந்தது. எழுந்து நின்று சொல்லிவிட்டேன். விளக்கு எரிந்தது, நான் பொய் சொன்னேன் என்று. ஒருவர் டீயைக் கீழே ஊற்றிவிட்டு எழுந்து போனார். ஒருவர் அசிங்கமாகத் திட்டினார். டிராக்டர்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடைக்காரரிடம், "இவனுக்கு ஒரு டீ போடு" என்றார்.

இரவல் கணக்கு எழுதி, ரைஸ் மில் கணக்கு எழுதி, இந்தப் பத்திரிகைகளுக்கு ஜோக்கும் கட்டுரையும் எழுதி, மூன்று வருஷத்தில் மாட்டுப் பணத்தைக் கொடுத்து முடித்தேன். பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பத்திரிகையில் என் பெயரைப் போடவில்லை, ஆனால் பந்தியில் என்னைப் பரிமாறச் சொன்னார். அம்மா என்னோடு பேச நாலு மாசம் ஆனது.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எழுத ஆசைதான். இப்போதும் சில ராத்திரிகளில் அந்தச் சிவப்பு விளக்கு வரும். முன்பு வந்தால் டி.வி. சத்தத்தைக் கூட்டுவேன். இப்போது எழுந்து உட்கார்ந்து, வலிக்கிறது என்று சொல்லிவிட்டுப் படுக்கிறேன். யாரிடம் சொல்கிறேன் என்று கேட்டால், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கடைசி பெஞ்சுக்காரன் நான், அவ்வளவுதான் தெரியும். அண்ணன் முறைப்படி ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார். அம்மா சஷ்டி விரதம் விடவில்லை, மாதா குளத்துத் தண்ணீரையும் விடவில்லை. "அந்தத் தண்ணிதான்டா உங்க ரெண்டு பேரையும் வேலூருக்கு இழுத்துக்கினு போச்சு" என்பது அவர் கட்சி. வாதாடிப் பார்த்தாயிற்று, ஜெயிக்க முடியாது.

அண்ணனின் கடையில் மெஷினுக்குக் கால் பெடல் கிடையாது. மோட்டாரைக் கையால் இயக்குகிற மாதிரி மாற்றியாகிவிட்டது. கால் மணிக்கு ஒரு தரம் கத்தரியை வைத்துவிட்டு, இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்குவார். புதிதாக வருகிற வாடிக்கையாளர்கள் எழுந்திருக்கப் போகிறார் என்று நினைத்து வழி விடுவார்கள். பாகாயத்தில் வருஷா வருஷம் பழைய நோயாளிகள் கூடுகிற மேளாவுக்குப் போனால், இவர்தான் புதுசாக வந்தவர்களுக்குக் கண்ணாடி பிடிக்கச் சொல்லிக் கொடுப்பார். சுவரில் ஒரு மேரி வர்கீஸ் படம், பக்கத்தில் அம்மா மாட்டிய முருகன்.

நான் அந்த 2012-க்குப் பிறகு வண்டி ஓட்டவில்லை. பஸ், நடை, அண்ணனின் ஸ்கூட்டர். பக்கத்துக்கு ஒரு சக்கரம் வைத்து, எல்லாம் கையிலேயே இயங்குகிற ஸ்கூட்டர். போன வாரம் சாயங்காலம் கடையைச் சாத்திக்கொண்டு, "ஏறுடா" என்றார். எங்கே என்றேன்.

"அரியூர்ப் பக்கம். பெட்ரோல் போடணும். லிட்டருக்கு மிச்சம்டா!"

ஏறி உட்கார்ந்தேன். பையிலிருந்த போன் அடித்தது. "எடுக்காத" என்றார்.